வசதிக்காக ஒரு தாலி: வேலைக்குப் போகும் நாயகியை வைத்துக் காதல் நாவல் எழுதுவது எப்படி?

நான் முதன்முதலில் எழுதிய தொடர்கதையில் நாயகனும் நாயகியும் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொள்வார்கள். ஆறு மாதம் சேர்ந்து நடிப்பது, அப்புறம் விவாகரத்து, அவரவர் வழியில் அவரவர். 14-ஆம் அத்தியாயம் போட்ட அன்று வக்கீல் வாசகி ஒருவர் எழுதினார்: "கதை நல்லா போகுது. ஆனா கல்யாணம் ஆகி ஒரு வருஷம் முடியாம விவாகரத்து மனுவே போட முடியாதே, உங்க ஹீரோயின் என்ன செய்யப் போறா?"

எனக்குத் தெரியவில்லை. உடம்பு சரியில்லை என்று ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு சட்டத்தைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, நான் தடங்கல் என்று நினைத்த அந்த ஒரு வருடத்துக்குள்தான் முழு நாவலும் ஒளிந்திருக்கிறது என்று. அந்தத் தொடரைக் காப்பாற்ற முடியவில்லை. அதற்குப் பிறகு எழுதிய மூன்றிலும் அந்தப் பாடம் உதவியது. இந்த வகை நாவலை எழுத உட்காருகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். வாசகிக்கு முடிவு தெரியும். அட்டையைப் பார்த்தாலே இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரியும். பிறகு எதற்குப் படிக்கிறார்? ஒரு தேவைக்காகக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அந்தத் தேவை தீர்ந்த மறுநாள் காலை, என்ன சாக்குச் சொல்லிக்கொண்டு ஒரே வீட்டில் காபி குடிப்பார்கள் என்று பார்ப்பதற்கு. அந்தக் காலையை நோக்கித்தான் ஒவ்வொரு அத்தியாயமும் நடக்க வேண்டும்.

1. காரணம் கிடைக்கும்வரை எழுத ஆரம்பிக்காதீர்கள்

இந்த வகைக் கதைகளில் நான்கு காரணங்கள்தான் மாறி மாறி வரும். ஒவ்வொன்றையும் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம்.

தாத்தாவின் உயில். "முப்பது வயதுக்குள் கல்யாணம் செய்தால்தான் சொத்து." பூர்விகச் சொத்து என்றால் இது நிற்காது. தமிழ்நாட்டில் 25 மார்ச் 1989 முதல் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு. 2005-ல் அது நாடு முழுவதற்கும் வந்தது. தாத்தா தன் சொந்தச் சம்பாத்தியத்தையும் தன் பங்கையும்தான் உயில் எழுத முடியும். உயிலை விட மனசில்லை என்றால், அந்த மில்லைத் தாத்தா தன் கையால் கட்டினார் என்று இரண்டாம் அத்தியாயத்திலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள்.

குழந்தையைத் தத்தெடுக்கக் கல்யாணம். இது இன்னும் மோசம். தனியாக வாழும் பெண் தத்தெடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. தம்பதியாகப் போனால், உறவுக் குழந்தை போன்ற விலக்குகள் தவிர, குறைந்தது 2 ஆண்டு நிலையான மணவாழ்க்கை காட்ட வேண்டும். அதாவது உங்கள் நாயகி கல்யாணம் செய்துகொண்டதால் குழந்தை தள்ளிப்போகும்!

அமெரிக்க விசா. அங்கே குடியேற்றத்துக்காகப் போலித் திருமணம் செய்தால் 5 ஆண்டுவரை சிறை, 2.5 லட்சம் டாலர்வரை அபராதம். நன்றாக எழுதலாம், ஆனால் அது துப்பறியும் கதையாகத்தான் முடியும்.

அப்பாவின் ஆபரேஷன் செலவு. நாயகி கைநிறையச் சம்பாதிக்கிறாள் என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, ஐந்தாம் பக்கத்தில் ஐந்து லட்சத்துக்காக அவளை ஒரு பணக்காரன் வீட்டு வாசலில் நிறுத்துகிறோம். தனிநபர் கடன் என்று ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியாதா?

நான் வைத்திருக்கும் சோதனை இது: சம்பளத்தாலோ, ஒரு லோனாலோ, ஒரு போன் காலாலோ தீரக்கூடியது காரணமே இல்லை. கல்யாணம் என்ற ஒன்றால் மட்டுமே திறக்கக்கூடிய கதவு வேண்டும். நம் ஊரில் அப்படிப்பட்ட கதவுகள் நிறைய. தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு தர யோசிக்கும் வீட்டுக்காரர். "மூத்தவ இருக்கும்போது இளையவளுக்கு எப்படிச் செய்யறது?" என்று பெண் பார்க்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பும் பெரியப்பா. கட்டம் போட்ட அரசாங்கப் படிவங்கள்.

ஒரு கதையை வைத்துக்கொண்டு பேசினால் சுலபம். நாயகிக்குக் கோமதி என்று பெயர் வைப்போம். வயது 34. சிவகாசியில் ஒரு பொதுத்துறை வங்கியின் கிளை மேலாளர். அப்பா அம்மா சிறுவயதிலேயே போய்விட்டார்கள், வளர்த்தது சித்தி. சித்திக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று முறை டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். இந்த நேரத்தில் கோமதிக்குப் பதவி உயர்வு வருகிறது, போபாலில் போஸ்டிங்கோடு. பெண் ஊழியர்கள் கணவர் இருக்கும் ஊருக்கு இடமாற்றம் கேட்கலாம், மணமாகாதவர் பெற்றோர் இருக்கும் ஊரைக் கேட்கலாம் என்று பொதுத்துறை வங்கிகளுக்கு வழிகாட்டுதல் உண்டு. கணவருக்குக் கட்டம் இருக்கிறது, பெற்றோருக்குக் கட்டம் இருக்கிறது. சித்திக்குக் கட்டம் இல்லை.

இதில் எனக்குப் பிடித்தது, வில்லன் யாரும் இல்லை என்பது. விதியை எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார். அவருக்கு ஒரு சித்தி இல்லை, அவ்வளவுதான்.

2. அவள் ஆபீசில் என்ன செய்கிறாள்?

"பெரிய கம்பெனியில் உயர் பதவி" என்று எழுதிவிட்டு, நாயகியைக் கண்ணாடி அறையில் லேப்டாப்போடு உட்காரவைத்தால் போதும் என்று நானும் நினைத்தேன். முதல் தொடரில் ஒரு வாசகி கேட்டார்: "அவ ஆபீஸ்ல என்னதான் செய்யறா?" இருபது அத்தியாயத்தில் அவள் மூன்று மீட்டிங்கில் கோபப்பட்டிருந்தாள், ஒரு ஃபைலைத் தூக்கி எறிந்திருந்தாள். வேறெதுவும் செய்யவில்லை.

உங்களுக்குத் தெரிந்த வேலையைக் கொடுங்கள். தெரியாது என்றால் அந்த வேலையில் இருக்கும் ஒருவரோடு அரை நாள் பேசுங்கள். "உங்க வேலை என்ன?" என்று கேட்டால் விளம்பரத்தில் வருகிற பதில்தான் வரும். "எந்த மாசம் தூக்கம் வராது? யாரோட போன் வந்தா வயிறு கலங்கும்? வீட்டுக்கு வந்தும் மண்டைக்குள்ள ஓடறது எது?" என்று கேளுங்கள்.

வங்கி மேலாளரிடம் கேட்டால் மார்ச் என்பார். ஒரு கடனில் தவணை 90 நாளுக்கு மேல் நின்றுபோனால் அது வாராக்கடன். 31 மார்ச் இரவுக்குள் அந்தப் பட்டியலைக் குறைக்க மேலாளர்கள் கடனாளி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். வட்டார அலுவலகத்திலிருந்து காலையில் ஒரு போன், மாலையில் ஒரு போன். இந்த மார்ச் கடைசியில்தான் பங்குனி முகூர்த்தங்களும் வருகின்றன. கோமதியின் கல்யாணத்தைப் பங்குனியில் வையுங்கள். முகூர்த்தம் ஆறு முதல் ஏழரை. ஒன்பதே முக்காலுக்கு அவள் பட்டுப்புடவையோடு கிளையில் இருக்க வேண்டும். மஞ்சள் காயாத தாலியோடு ஒரு கடனாளியிடம் "இன்னைக்குள்ள கட்டிடுங்க அண்ணாச்சி" என்று அவள் சொல்ல, அவர் எழுந்து நின்று "மேடம், உங்களுக்கு இன்னைக்குக் கல்யாணமா?" என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுவது, வேலையும் கல்யாணமும் ஒரே வரியில் மோதும் இடம். இப்படி மூன்று இடம் கிடைத்தால் நாவலுக்கு உயிர் வந்துவிடும்.

வேலை அவள் குணத்தையும் செய்து தரும். வங்கியில் பணப்பெட்டகத்தை ஒருவராகத் திறக்க முடியாது. இரண்டு பேரிடம் இரண்டு சாவி இருக்கும். கோமதி இளம் அதிகாரியாக இருந்த காலத்தில் அந்தச் சாவியில் ஒன்றை வைத்திருந்தவள். இன்றும் கைப்பையைத் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்குவாள். சாவி இப்போது அவளிடம் இல்லை, பழக்கம் போகவில்லை. கல்யாணமான முதல் வாரம் அதைப் பார்த்துவிட்டு, தன் வீட்டில் அவளுக்கு நம்பிக்கை இல்லை என்று நாயகன் நினைத்துக்கொள்ளட்டும். உண்மை தெரிய அவனுக்கு மூன்று மாதம் ஆகட்டும்.

3. அவனுக்கும் ஒரு பள்ளம் வேண்டும்

ஒப்பந்தக் கல்யாணக் கதைகளில் எனக்கு இருக்கும் பெரிய மனத்தாங்கல் நாயகன்தான். கோடீஸ்வரன், ஆறடி, கோபக்காரன், ஏதோ பழிவாங்கலுக்காக அவளைக் கட்டாயப்படுத்தித் தாலி கட்டுகிறவன், அடித்துவிட்டு அழுகிறவன். இதற்கு வாசகர் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அது வசதிக் கல்யாணம் ஆகாது. வசதிக் கல்யாணம் என்றால் மேசையின் இரண்டு பக்கமும் இரண்டு பேர் உட்கார்ந்து, இரண்டு பேரும் "சரி" என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் எழுந்து போக முடியாத இடத்தில் அவள் தங்கியிருப்பதற்கு அர்த்தம் இல்லை.

நம் கதையில் சரவணன், 37 வயது, சிவகாசியில் தினசரி காலண்டர் அச்சடிக்கும் அச்சகம். ஊருக்கெல்லாம் முகூர்த்த நாள் அச்சடித்துக் கொடுப்பவன், தனக்கு ஒன்றைப் பார்க்கவில்லை. தம்பிக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது. பெண் வீட்டில் ஆவணிக்கு மேல் காத்திருக்க மாட்டோம் என்கிறார்கள். அம்மாவோ மூத்தவன் இருக்க இளையவனுக்குச் செய்ய மாட்டேன் என்கிறார். ஆக அவனுக்கும் ஒரு கல்யாணம் தேவை, அதுவும் சீக்கிரம். அவன் அச்சகத்துக்குக் கடன் கொடுத்த கிளையின் மேலாளர் கோமதி. அவர்கள் ஏற்கெனவே "மேடம்", "சார்" அளவுக்குப் பழக்கம்.

இங்கே ஒரு முள்ளும் இலவசமாகக் கிடைக்கிறது. வங்கி அதிகாரி தன் உறவினருக்குத் தானே கடன் ஒப்புதல் தர முடியாது. கல்யாணம் என்ற பேச்சு வந்த நாளிலிருந்து அவன் ஃபைலை அவள் தொடக் கூடாது. உறவை மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவன் கேட்டிருந்த கூடுதல் கடன் அப்படியே நின்றுபோகும். வசதிக்காகச் செய்த கல்யாணம் அவனுக்குக் கொடுத்த முதல் அசௌகரியம் அது. அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால், அந்த மௌனம் நாலு காதல் வசனத்துக்குச் சமம்.

சாதியைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான குடும்ப நாவல்கள் அந்தப் பேச்சையே எடுக்காமல் நழுவிவிடும். பதினைந்து நாளில் ஒரு கல்யாணம் முடிகிறது என்றால், இரண்டு குடும்பமும் கேட்கும் முதல் கேள்வி எது என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஒரே சாதி என்றால் அதனால்தான் இவ்வளவு சுலபமாக முடிந்தது என்று ஒரு பாத்திரமாவது சொல்லட்டும். வேறு என்றால் அது தனி நாவல். துணைக்கதையாக வைத்துக் கெடுக்காதீர்கள்.

4. சட்டத்தைப் படியுங்கள், கதை அங்கேதான் இருக்கிறது

ஒப்பந்தக் கல்யாணம் என்று நம் சட்டத்தில் ஒன்று கிடையாது. தாலி கட்டினாலும், மாலை மாற்றிச் சுயமரியாதைத் திருமணம் செய்தாலும் அது முழுக் கல்யாணம். தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்வதும் கட்டாயம். பின்னால் பிரிவதற்கென்று இப்போதே எழுதிக்கொள்ளும் காகிதத்தைப் பொதுக்கொள்கைக்கு எதிரானது என்று சொல்லி, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் தள்ளிவிடும். ஆகவே உங்கள் ஆட்கள் காகிதத்தில் எழுதிக்கொள்ளலாம், ஆனால் அதை யாரிடமும் காட்ட முடியாது. கோமதிக்கு இது தெரியும். காகிதம் படிப்பதுதான் அவள் தொழில். "இது செல்லாது சார்" என்று சொல்லிவிட்டு அவள் கையெழுத்துப் போடட்டும். செல்லாத காகிதத்தில் ஏன் கையெழுத்து? பேச்சுக்கு ஒரு சாட்சி வேண்டும் என்பதற்காக. அந்தக் காட்சியை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இந்துத் திருமணச் சட்டம், 1955. நமக்கு வேண்டியது இரண்டு பிரிவுகள்.

14-ஆம் பிரிவு: கல்யாணமாகி ஓராண்டு முடியும்வரை விவாகரத்து மனு போட முடியாது. அசாதாரணமான துன்பம், அல்லது எதிர்த்தரப்பின் அசாதாரணமான ஒழுக்கக்கேடு என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டால் மட்டும் விலக்கு. உங்கள் ஆட்களுக்கு அப்படி ஒரு துன்பமும் இல்லை, இருவரும் நல்லவர்கள் என்பதைத் தவிர.

13பி பிரிவு: இருவரும் சம்மதித்துப் பிரிவது. மனு போடும் முன் ஓராண்டாவது தனித்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்டபின் 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் மறுபடி வந்து சம்மதத்தைச் சொல்ல வேண்டும். அந்த 6 மாதம் கட்டாயமில்லை, பொருத்தமான வழக்கில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது.

இப்போது நாவலாசிரியர்களுக்கான புதையல். "தனித்து வாழ்வது" என்றால் தனி வீட்டில் வாழ்வது என்று பொருளில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தும் கணவன் மனைவியாக வாழாமல் இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1991-ல் ஒரு தீர்ப்பில் விளக்கியது. தீர்ப்பு வரும்வரை இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

யோசித்துப் பாருங்கள். ஒரே வீடு, ஒரு வருடம், கணவன் மனைவியாக வாழவில்லை என்று கடைசியில் சத்தியம் செய்து எழுத வேண்டும். ஐப்பசியில் ஒரு மழை இரவு நடுவில் வந்துவிட்டால்? வேறு யாராவது என்றால் பொய்க் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பதினொரு வருடம் மற்றவர்களின் கையெழுத்தைச் சரிபார்த்து வாழ்ந்தவளால் அந்த வரிக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட முடியுமா? உச்சக்கட்டத்துக்கு விபத்து வேண்டாம், கடத்தல் வேண்டாம், முன்னாள் காதலி வேண்டாம். மனுவின் ஒரு வரி போதும்.

மொட்டைக் கடிதம் வைக்கலாமா என்று கேட்பீர்கள். "டிரான்ஸ்ஃபருக்காகப் போலிக் கல்யாணம்" என்று வங்கிக்கு ஒரு கடிதம். வைக்கலாம், ஆனால் பெயரில்லாப் புகாரின் மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று மத்திய கண்காணிப்பு ஆணையத்தின் அறிவுறுத்தல் இருக்கிறது. புகார் நகர வேண்டுமானால் யாராவது பெயர் போட்டு எழுத வேண்டும். அப்படித் துணிந்து பெயர் போடுகிறவர் யார் என்று யோசித்தால் நல்ல எதிர்ப்பாத்திரம் ஒன்று உங்களுக்குக் கிடைக்கும். போபால் போஸ்டிங்கைக் கோமதிக்குப் பதிலாக ஏற்க நேர்ந்த சக அதிகாரி, அவளைப் போலவே வீட்டில் வயதான ஒருவரை வைத்திருப்பவர் என்றால், வாசகிக்கு யார் பக்கம் நிற்பது என்று தெரியாது. அது நல்லது.

5. அந்த ஒரு வருடத்தைக் காலண்டரில் மாட்டுங்கள்

கதைத்திட்டம் போட மூன்று அங்கம், ஏழு திருப்பம் என்று நிறையச் சூத்திரங்கள் சுற்றுகின்றன. நமக்கு அவை தேவையில்லை. புதுத் தம்பதியை நம் சடங்குகள் சும்மா விடாது. ஒரு வருடத்துக்கு வரிசையாக வேலை வைத்திருக்கும். ஒரு தினசரி காலண்டரை எடுத்துக் கல்யாண நாளிலிருந்து தாளைத் தள்ளிக்கொண்டே போங்கள்.

பங்குனியில் கல்யாணம், மறுவீடு. சித்திரை வெயிலில் ஒரே கட்டில் பிரச்சினையே வராது. வீடே மொட்டைமாடியில் பாயை விரித்துப் படுத்திருக்கும், இவர்கள் இருவருக்கும் நடுவில் மாமியார். இரண்டு மூன்று மாதத்தில் தாலி பிரித்துக் கோர்ப்பது: செல்லாத ஒப்பந்தத்துக்கு ஊரே கூடி மறுபடி முடிச்சுப் போடுகிறது. ஆடியில் பெண்ணை அழைத்துப் போவார்கள். சேர்ந்து இருக்க முடியாமல் பிரித்துவைக்கும் ஒரு மாதம். பிரிந்ததும் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்த இருவருக்கும் நிம்மதி வராததை இங்கே காட்டலாம். ஆவணியில் தம்பி கல்யாணம், அவன் காரணம் தீர்ந்தது. ஐப்பசியில் தலை தீபாவளி. தையில் தலைப் பொங்கல் சீர். மறுபடியும் பங்குனி வந்தால் 14-ஆம் பிரிவின் பூட்டுத் திறக்கிறது.

வேலைக்கும் ஒரு காலண்டர் உண்டு, அதையும் பக்கத்தில் மாட்டுங்கள். சிவகாசியில் ஆடிப் பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளிவரும். அங்கிருந்து மார்கழிவரை சரவணனுக்கு மூச்சுவிட நேரமில்லை. அவளுக்கு மார்ச், அவனுக்குக் கார்த்திகை. ஒருவர் மூழ்கும்போது மற்றவர் கரையில் இருக்கிறார். யாருக்கு யார் எப்போது சாப்பாடு எடுத்து வைப்பார்கள் என்பது தானாக எழுதப்பட்டுவிடும்.

இரண்டு காலண்டரும் சந்திக்கும் ஓர் இடத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். ஆனி மாத இரவு. அடுத்த வருடத் தாள்களின் பிழைதிருத்தம் வீட்டுக்கு வந்திருக்கிறது.

> அவன் தாளைத் தள்ளினான். "ராகு காலம், எமகண்டம் மட்டும் பாத்தா போதும் மேடம். மத்தது நான் பாத்துட்டேன்."
>
> அவள் பென்சிலோடு மார்ச் மாதத்துக்கு வந்தாள். திதி சரி. நட்சத்திரம் சரி. சந்திராஷ்டமம் சரி. அந்தத் தேதியில் பென்சில் நின்றது. இன்னும் ஒன்பது மாதம் கழித்து வரும் ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை. நல்ல நேரத்துக்குப் பக்கத்தில் முகூர்த்தக் குறி இல்லை.
>
> "பிழை இருக்கா?" என்றான்.
>
> "இல்ல. எல்லாம் சரியா இருக்கு."
>
> அவன் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டான். அந்தத் தேதியை அவனும் பார்த்திருந்தான் என்பது, அவன் அதைப் பார்க்காமலே கட்டுக்குள் வைத்ததில் தெரிந்தது.

யாரும் யாரையும் தொடவில்லை. ஆனாலும் இந்த இடத்தில் ஐந்து அத்தியாயத்துக்கான பதற்றம் இருக்கிறது, கெடு என்ன தேதி என்று வாசகிக்கு முன்பே தெரியும் என்பதால். கெடுவை முதல் மூன்று அத்தியாயத்துக்குள் சொல்லிவிடுங்கள்.

6. 'மேடம்' எப்போது போனது?

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நெருக்கத்தை அளக்க நம்மிடம் விளிச்சொற்கள் இருக்கின்றன. நீ, நீங்க, பெயர், மேடம், ஏங்க, ஒன்றுமே சொல்லாமல் "இங்க பாருங்க". இதைப் பலர் வீணடிக்கிறார்கள். கல்யாணமான மறுநாளே "ஏங்க", நாலாம் நாள் "மாமா".

சரவணன் வங்கியில் "மேடம்" என்றவன். வீட்டில் அம்மா முன்னால் அப்படிக் கூப்பிட முடியாது. பெயர் சொல்லவும் வாய் வரவில்லை. எனவே முதல் இரண்டு மாதம் அவன் அவளைக் கூப்பிடுவதே இல்லை. எதிரே வந்து நின்று தொண்டையைச் செருமுகிறான். தனியாக இருந்தால் மட்டும் பழைய "மேடம்". டயாலிசிஸ் அறை வாசலில் சித்திக்குத் திடீரென ரத்த அழுத்தம் இறங்கிய அன்று, தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து "கோமதி!" என்று கத்துகிறான். அவளுக்கு அது நினைவில் நிற்கும், அவனுக்கு நிற்காது. அப்புறம் மறுபடி "மேடம்" தான். ஆனால் இப்போது அந்தச் சொல்லில் ஒரு கேலி வந்திருக்கிறது. கடைசிவரை அவன் "மேடம்" என்றே கூப்பிடட்டும். ஒரே சொல் நாலு அர்த்தத்தில் மாறுவது, சொல்லையே மாற்றுவதைவிட நன்றாக இருக்கும்.

மாமியாரை "அத்தை" என்று அவள் முதல் நாளே கூப்பிடுவாள். அதில் தயக்கம் வராது. தயக்கம் வருவது, "அத்தை" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அது உண்மையாகிவிட்டதை உணரும்போது. இந்த வகைக் கதைகளில் நாயகி முதலில் காதலில் விழுவது பெரும்பாலும் வீட்டின் மீதுதான், கணவன் மீது இல்லை. தன் டிபன் பாக்ஸை யாரோ கட்டி வைத்திருப்பதில் தொடங்கும். அதை மறைக்காமல் எழுதுங்கள், அப்புறம் "எனக்கு இந்த வீடு வேணுமா, இவரு வேணுமா?" என்று அவளைக் கேட்கவும் வையுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வராமல் காதல் முடிந்ததாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது.

நெருக்கக் காட்சி எவ்வளவு எழுதலாம் என்பது உங்கள் விருப்பம், உங்கள் வாசகர் விருப்பம். எவ்வளவு எழுதினாலும் அவள் சம்மதம் கண்ணால் பார்க்கும்படி இருக்கட்டும். நம் கதையில் அந்த இரவுக்குச் சட்டப்படி ஒரு விலையும் இருக்கிறது, அது இருவருக்கும் தெரியும். அவள் அவன் கையைப் பிடித்து, "இதுக்கப்புறம் அந்த மனுவுல நான் கையெழுத்துப் போட முடியாது, தெரியும்ல?" என்று கேட்டுவிட்டால் வேறு வர்ணனை வேண்டாம்.

7. காரணத்தைத் தீர்த்துவிடுங்கள்

இதைச் செய்யத்தான் எழுதுகிறவர்கள் பயப்படுகிறார்கள். காரணம் போய்விட்டால் கதை சரிந்துவிடும் என்று கடைசிவரை இழுத்துக்கொண்டே போவார்கள். நாவலின் மூன்றில் இரண்டு பங்கு முடியும்போது காரணம் தீர்ந்துவிட வேண்டும், மனுவுக்கு இன்னும் சில மாதம் மிச்சமிருக்க வேண்டும்.

சித்தியைச் சாகடித்துவிடலாம். சுலபம், கண்ணீர் வரும், நானும் ஒருமுறை அப்படிச் செய்தேன். ஆனால் சாவுக்குப் பிறகு அவன் ஆறுதல் சொல்ல, அவள் அவன் தோளில் சாய, இருவரும் சேர்ந்துவிடுவார்கள். துக்கம் அவர்களுக்குப் பதிலாக முடிவெடுத்துவிடும். அதற்குப் பதில், இத்தனை வருடம் எட்டிப் பார்க்காத சித்தி மகன் கோயம்புத்தூரிலிருந்து தை மாதம் காரில் வந்து, "அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன்" என்று நிற்கட்டும். சித்தி சந்தோஷமாகக் கிளம்பட்டும். தம்பி கல்யாணமும் முடிந்துவிட்டது. யாருக்கும் யாரும் தேவையில்லை. போபாலுக்குப் போகச் சொல்லி மறுபடி கேட்டால் போகலாம், தடையில்லை. பதவி அங்கே இன்னும் பெரிது.

இப்போது அந்தக் காலை. சமையலறையில் இரண்டு டம்ளர். நீங்கள் இதுவரை எழுதியது எல்லாம் இந்தக் காபிக்காகத்தான், எனவே அவசரப்படாதீர்கள். நான் இந்த மாதிரி அத்தியாயத்தை ஆறேழு முறை எழுதிக் கிழிப்பேன். ஒரு பாத்திரமும் காதல் என்ற சொல்லைச் சொல்லாமல் எழுத முடிகிறதா என்று பாருங்கள். அவர்கள் பேசுவது பால்காரனுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி, அச்சகத்தில் மோட்டார் பழுது, அவள் லீவு எத்தனை நாள் மிச்சம். ஏன் போகவில்லை என்று இருவரும் கேட்கவில்லை.

இன்னொன்று. வேலைக்கும் காதலுக்கும் இடையில் அவள் எதைத் தேர்ந்தெடுப்பாள் என்ற கேள்வி வரும்போது, நம் கை தானாக அவளை ராஜினாமா செய்யவைக்கும். தடுத்துக்கொள்ளுங்கள். அச்சகம் போபாலுக்கு நகராது, வங்கி சிவகாசிக்கு நகராது. இரண்டு வருடம் போபாலில் இருந்துவிட்டு வருகிறேன் என்று அவள் சொல்லி, அவன் ரயில் நேரம் பார்ப்பதுகூட ஒரு சந்தோஷமான முடிவுதான். தேவைக்காகக் கட்டிய தாலிக்குத் தேவையே இல்லாத தூரத்தில் அவள் இருக்கிறாள், அப்போதும் அது கழுத்தில் இருக்கிறது.

8. தொடராகப் போடுவதும் திருத்துவதும்

முன்பு பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கிய மாத நாவல் ஒரே மூச்சில் படித்து முடிப்பது. இப்போது கைப்பேசியில் அத்தியாயம் அத்தியாயமாக. ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு சொல்லுக்குள் ஓர் அத்தியாயம், முப்பது நாற்பது அத்தியாயம், வாரம் மூன்று என்றால் மூன்று மாதத்தில் முடியும். பத்து அத்தியாயம் கையில் இல்லாமல் முதலாவதைப் போடாதீர்கள். ஒவ்வொரு அத்தியாயத்தையும் கதவு தட்டும் சத்தத்தோடு முடிக்க வேண்டியதில்லை. மூன்றில் ஒன்று அமைதியாக முடிந்தால் மற்ற இரண்டுக்கும் மதிப்பு வரும்.

கருத்துப் பகுதியில் "சீக்கிரம் சேத்து வைங்க" என்று கேட்பார்கள். நன்றி சொல்லிவிட்டுத் திட்டப்படியே எழுதுங்கள். "இது இப்படி நடக்காது" என்று யாராவது சொன்னால் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். வக்கீல், நர்ஸ், வங்கிக்காரர், அச்சகக்காரர் எல்லோரும் காதல் கதை படிக்கிறார்கள்.

திருத்தும்போது நான் மூன்று தடவை படிப்பேன். ஒருமுறை தேதிகளுக்கு மட்டும்: ஆடியில் கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறதா, தீபாவளி இரண்டு தடவை வந்திருக்கிறதா. என் ஒரு நாவலில் மாமியார் ஒரே மாதத்தில் இரண்டு கிருத்திகை விரதம் இருந்தார். அது நடக்கக்கூடியதுதான் என்று ஒரு வாசகி வாதாடிக் காப்பாற்றினார். இன்னொருமுறை உரையாடலை வாய்விட்டு. மூன்றாம் முறை கோமதியின் சம்பளம், லீவு, இடமாற்ற உத்தரவு, இவை மட்டும்.

கடைசி அத்தியாயத்தில் இரட்டைக் குழந்தை, ஐந்து வருடத்துக்குப் பிறகு, ஊட்டி வீடு, இதெல்லாம் வேண்டாம். மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். கெடு முடிந்த வெள்ளிக்கிழமை இருவரும் வக்கீலைப் பார்க்க அங்கே போகிறார்கள். கையெழுத்தாகாத மனு அவள் கைப்பையில். மனிதர் யாரையும் மணக்க மாட்டேன் என்ற ஆண்டாளின் ஊர் அது. கோவில் வாசலில் பால்கோவா வாங்க நிற்கும்போது அவன் கேட்கட்டும்: "வக்கீல் பத்தரைக்கு வரச் சொன்னாரு. இப்ப ராகு காலம் மேடம். பன்னெண்டுக்கு மேல போலாமா?" அவள் பர்ஸிலிருந்து காசை எடுத்துக்கொண்டே, "பன்னெண்டுக்கு மேல எனக்குப் பசிக்கும்" என்று சொல்லிவிட்டுக் கால் கிலோவுக்குப் பதில் அரைக் கிலோ கேட்கட்டும்.